உள்ளே என்ன இருக்கிறது?

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் கடைத்தெருவில் அவளுக்கு வைத்த பெயர் துருவியக்கா. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய அறையில் தட்டச்சுக் கடை வைத்திருந்தாள். மனு, ஒப்பந்தம், ஆராய்ச்சிக் கட்டுரை என்று எது வந்தாலும் பிசகில்லாமல் அடித்துக் கொடுப்பாள். தட்டச்சு இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டியின் மேல் அவளுக்கு ஒரு கண்.

முதல் பெட்டி கறுப்புத் திரையில் பச்சை எழுத்து காட்டும். ஒரு ஃப்ளாப்பியைச் செருகினால்தான் கண்விழிக்கும். அடித்ததைச் சேமிக்க இன்னொரு ஃப்ளாப்பி வேண்டும். அடுத்து வாங்கியதில் ஹார்ட் டிஸ்க் இருந்தது.

"நாப்பது எம்.பி. மேடம். ஆயுசுக்கும் போதும்" என்றான் விற்றவன்.

"யாரோட ஆயுசுக்கு?"

அவன் சிரித்து மழுப்பினான். படங்களும் விதவிதமான எழுத்துருக்களும் வந்து குவிந்ததும் அது மூச்சுமுட்டி நின்றது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு பெட்டியோடும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். ஃப்ளாப்பி போய் சி.டி. வந்தது, சி.டி. போய் பென் டிரைவ் வந்தது. மேசையை அடைத்துக்கொண்டிருந்த திரை பலகைபோல மெலிந்தது.

"இவ்வளவு வேகமா நல்லதாகிட்டே போகுதுன்னா, போன தடவை நம்ம தலையில கட்டினது என்ன?" என்று வீட்டுக்காரரிடம் கேட்பாள்.

"என்னையும் மாத்தச் சொல்லி யாராவது வந்துடப் போறாங்க" என்று அவர் செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்.

ஒருமுறை புத்தம் புதியது என்று கொடுத்த பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒட்டடை. அன்றோடு யாரையும் நம்புவதை விட்டாள். மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தால் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு பாகத்தின் ஓரத்திலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள், மாற்றினால் தெரிந்துவிடும் என்று. இதைப் பொறுக்காமல் இரண்டு மூன்று மெக்கானிக்குகள் ஓடிப்போனார்கள். ஒருவன் மட்டும் தாக்குப்பிடித்தான். அவனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள், அவனையும் நம்பியதில்லை.

அவன் தூசி தட்ட வந்த ஒருநாள், நகல் கேட்டு யாரோ வர, அவள் வாசல்வரை எழுந்து போனாள். அவன் வேலை முடித்துக் கிளம்பியதும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். ராம் என்கிற நினைவகத் தகடு இரண்டில் ஒன்றில் பொட்டு இல்லை.

உடனே அவனைப் போனில் பிடித்தாள். "என் ராமை எங்கடா கொண்டுபோன?"

"நான் எதையும் எடுக்கலக்கா" என்றான்.

"இனிமே என் கடைப்படி ஏறாத."

அந்தத் தகட்டைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனாள். அங்கிருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அளவு நீங்க சொன்னதேதான்மா. ஆனா இது புதுசு, நல்ல சரக்கு. உங்ககிட்ட இருக்கிற இன்னொண்ணுதான் அரதப்பழசா இருக்கும்" என்றார்.

பழையதைத் திருடிவிட்டுப் புதியதை வைக்கிற திருடன் எங்கே இருக்கிறான்? அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை, இரட்டித்தது. நேரே அவன் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் பிரித்துப்போட்ட பிரிண்டருக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"எதுக்குடா புதுசு வெச்ச?"

அவன் நிமிரவில்லை. "உங்களுது கிளிப்புல சிக்கிடுச்சுக்கா. இழுத்தேன், ஓரத்துல இருந்த சில்லு தெறிச்சு விழுந்துடுச்சு. வேற ஒருத்தருக்குன்னு பையில வெச்சிருந்ததைப் போட்டுட்டேன்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "மாட்டேன்" என்றாள்.

அவன் மனைவி கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நாளைக்கு வா. பெட்டிக்குள்ள ஃபேன் உறுமுது" என்று சொல்லி எழுந்தாள். மன்னிப்பென்று அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். மறுநாள் அவன் வந்தான். முக்காலியும் வந்தது.

இப்போது அவள் தலை நரைத்துவிட்டது. போன மாதம் அவன் புதுப் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கியது. நாற்பது எம்.பி.யை அதில் எத்தனை ஆயிரம் தடவை வேண்டுமானாலும் கொட்டலாமாம். அவள் புரட்டிப் பார்த்தாள். ஒரு திருகாணிகூட இல்லை.

"திற."

"திறக்க முடியாதுக்கா. எல்லாத்தையும் ஒரே பலகையில ஒட்டிட்டாங்க. உள்ள எப்படி இருக்குன்னு எனக்கும் தெரியாது."

இத்தனை வருஷத்தில் அவன் தெரியாது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. சொன்னது பொய்யில்லை என்று முகம் பார்த்தே தெரிந்தது. அவன் அதை ஓடவிட, இருவரும் குனிந்து காது வைத்துக் கேட்டார்கள். சத்தமே இல்லை.

"ஓடுதா, ஓடுற மாதிரி நடிக்குதா?" என்றாள்.

கடைசியில் வாங்கிக்கொண்டாள். வேலை என்னவோ கண்ணிமைப்பதற்குள் முடிந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததே அவளை உறுத்தியது. பழைய பெட்டியையும் விடாமல் பக்கத்தில் ஓடவிட்டு, அடித்ததை எல்லாம் இரண்டிலும் சேமித்தாள். "இது பொய் சொன்னா அது காட்டிக் கொடுத்துடும்" என்றாள்.

"ரெண்டும் பேசி வெச்சுக்கிட்டா?" என்றான் அவன் விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. அவன் போனதும் இரண்டுக்கும் நடுவே போட்டிருந்த கேபிளைப் பிடுங்கிச் சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.