ஸ்ரீரங்கத்துக் கதவை ரோட்டர்டாமிலிருந்து திறப்பது

ரோட்டர்டாமில் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. இழுத்துச் சாத்தினால் போதும். எனக்குத்தான் போதாது. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்தால்தான் படியிறங்கக் கால் வரும். நான் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டு ஹென்க் இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "உள்ளே போக முடியவில்லையா?" என்றார். "முடியவில்லைதான். அதைத்தான் உறுதி செய்துகொண்டேன்" என்றேன். என் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தவர், பூட்டுத் திறப்பவரின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பழக்கம் எங்கள் குடும்பச் சொத்து. ஸ்ரீரங்கத்தில் என் அக்கா பூட்டைப் பிடித்து ஊஞ்சலாடாத குறைதான். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். மாமா போன பிறகு அம்மா மண்டபம் படித்துறை பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவள். போன வருடம் சர்க்கரை சட்டென்று இறங்கி, கூடத்திலேயே மயங்கி விழுந்தாள். கதவில் உள் தாழ்ப்பாள். எதிர் வீட்டுச் செல்வி ஆள் கூட்டிவந்து உடைப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அந்த முக்கால் மணி நேரமும் நான் இங்கே கடையில் எந்தப் பாலாடைக்கட்டி மலிவு என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அந்தக் குற்ற உணர்ச்சியைத்தான் அடுத்த விடுமுறையில் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனேன். எண் போட்டும், இங்கிருந்தே என் போனிலும் திறக்கக்கூடிய பூட்டு, அறைக்கு ஒரு சென்சார், எல்லாவற்றையும் கோக்க ஒரு வைஃபை. அக்கா சென்சாரை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் எங்க போறேன் வரேன்னு எல்லாம் உனக்குத் தெரியுமாடா?"

"ஆள் அசையுதா இல்லையான்னு மட்டுந்தான்க்கா தெரியும்."

"இந்த முட்டிய வச்சுக்கிட்டு அசையறதே பெருசு. நல்லாப் பாத்துக்க."

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி ரயிலில் வேலைக்குப் போகிறேன். போன் அதிர்ந்தது: மூன்று மணி நேரமாக வீட்டுடன் தொடர்பு இல்லை. அங்கே பகல் பன்னிரண்டரை. கடைசி அசைவு, ஒன்பது இருபதுக்குக் கூடத்தில். அதே கூடம். அக்காவை அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. 'திற' என்பதை அழுத்தினேன். சின்ன வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. இருபது வருடமாக மென்பொருளில் பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், அந்த வட்டத்தைப் பார்த்துத் திருவரங்கனைக் கூப்பிட்டேன். பதினேழு முறை அழுத்திய பிறகுதான் எதிர் வீடு என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது.

"அக்காவா?" என்றார் செல்வி. "வெள்ளிக்கிழமைல்ல, தாயார் சன்னதிக்குப் போயிருக்காங்க. போன் எடுத்துட்டுப் போக மாட்டாங்களே."

"உள்ளதான் விழுந்து கிடக்காங்களோன்னு..."

"வெளிய பூட்டு தொங்குதுங்க."

நான் வாங்கிய பூட்டு தொங்காது. பிறகுதான் தெரிந்தது: நான் விமானம் ஏறிய மறுநாளே அக்கா தச்சரைக் கூப்பிட்டு நாதாங்கி அடித்து, மேலே ஒரு திண்டுக்கல் பூட்டையும் மாட்டிவிட்டாள். வெளியே கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறாள். ஆளில்லாத வீட்டில் கரண்ட் எதற்கு? அவள் அணைத்ததும் என் காவல்படை மொத்தமும் மூச்சடைத்துப் படுத்துவிட்டது. அதே குடும்பத்தில் வளர்ந்தவன்தான் நான். மெயினை அணைக்காமல் ஊருக்குப் போனதற்கு அப்பாவிடம் அடி வாங்கியவன். எனக்கு அது தோன்றவில்லை.

செல்வி நிதானமாகச் சொன்னார். "பூட்டு வெளிய இருக்கு, சாவி எங்க சாமி மாடத்துல இருக்கு. அப்புறம் எப்படிங்க அவங்க உள்ள விழுவாங்க?"

"அப்ப ராத்திரி?"

"ராத்திரி உங்க பூட்டுதான். தாழ்ப்பாளப் போட விடறதில்ல நான். நம்பர் எனக்கும் தெரியும். காலையில ஆறரைக்குப் பால் பை கதவுலயே தொங்கினா, உங்களுக்கெல்லாம் போன் பண்ணிட்டு நிக்க மாட்டேன், உள்ள போயிடுவேன்."

யந்திரங்களைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை நான். எண் போட்டுத் திறக்கும் அந்தப் பூட்டால்தான் இனி யாரும் கதவை உடைக்க வேண்டியதில்லை. தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டாரை அணைக்கட்டும். வராந்தா விளக்கைப் போடட்டும். ஆனால் அக்காவை அந்தச் சுற்றும் வட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு நான் ரயிலில் தூங்க முடியாது. பால் பையைப் பார்க்கும் ஒரு ஜோடிக் கண்ணுக்கு அடுத்தபடிதான் அதெல்லாம்.

மதியம் அக்காவே அழைத்தாள். "ரயில்ல அழுதியாமே?"

"செல்வி சொன்னாங்களா? சளிக்கா."

"சரிதான். அங்கேருந்தே என் கதவத் திறந்துடுவேன்னியே. ஒரு தடவ வந்து தட்டேன்டா. நானே திறக்கறேன்."

மறுநாள் காலை கதவைச் சாத்தினேன், இழுத்தேன். ஹென்க் வாசலிலிருந்து கையசைத்தார். இப்போதெல்லாம் அவர் கேள்வி கேட்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. கதவு அசையவில்லை. ஆனாலும் கால் படியிறங்கவில்லை. நாலாவதாக ஒரு முறை இழுத்தேன். அது இந்தக் கதவுக்கு இல்லை.