மேசைக்குப் போன மிளகுத் தண்ணி

மல்லிகட்டானி என்று வெள்ளைக்காரர்கள் உறிஞ்சும் சூப்பு, பெயரளவில் நம்ம மிளகுத் தண்ணிதான். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துத் துரை பங்களாவில் நான் சமையல்காரன். ஞாயிறு மத்தியானம் தவறாமல் விருந்தாளிகள் வருவார்கள். ஆட்டெலும்பு, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு அந்தச் சூப்பைக் கொதிக்க வைப்பேன்.

அந்த ஞாயிறு, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் என் பெண்சாதிக்கு நாலாம் நாள் குளிர்காய்ச்சல். கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. காலையில் கிளம்பும்போது, “கொஞ்சம் மொளகுத் தண்ணி வச்சிக் கொண்டாங்க. அதுதான் எறங்கும்” என்றாள். வீட்டில் மிளகு இல்லை. பங்களாவிலும் துரைசாணி அன்றாடத்துக்கு அளந்து கொடுத்துவிட்டு அலமாரியைப் பூட்டிவிடுவாள். சூப்புக்குக் கொடுத்த மிளகில் முக்கால்வாசியை ஒதுக்கித் தட்டி, சின்னச் சட்டியில் அவளுக்கென்று வைத்தேன். பரிமாறி முடித்ததும் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருந்தேன்.

மேசையில் அந்தப் பெயரைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் பர்மாச் சொல் என்றார். இன்னொருவர் ஏதோ ராஜாவின் பெயர் என்றார். பங்களா இங்கிலீஷ் எனக்குப் புரியும், பொறுக்கவில்லை.

“அது தமிழுங்க தொரை. மொளகு, தண்ணி. அசல் சாமான் அடுப்புல இருக்கு.”

“கொண்டா” என்றார் துரை, தோட்டத் தமிழில்.

தவளை தன் வாயால் கெடும். நானே சட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஆளுக்கொரு கரண்டி குடித்தார்கள், இருமினார்கள், சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்காரி அர்த்தத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன், பெருமையாக. மிச்சமிருந்ததில் ஒருவர் சுருட்டை அணைத்தார்.

சாயந்திரம் வெறுங்கையோடு லயத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு அக்கா ஊட்டிய சுடுதண்ணியில்தான் பிழைத்தாள்.

பிழைத்து, முப்பது வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினாள். ரசம் ஊற்றும்போதெல்லாம், “இதுக்கு என்னா பேரு? தொரைமாருக்குச் சொன்னீங்களே, எனக்குஞ் சொல்லுங்க” என்பாள். ஒருநாளும் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை.

கடைசியாக அவள் படுத்தபோது, நானே மிளகு தட்டி, தண்ணி வைத்து, ஆற்றிக் கொண்டுபோனேன். கரண்டியை உதட்டருகே நீட்டினேன். என்னைப் பார்த்தபடியே வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.