சீட்டின் தலையில் ஒரு சுழி

இலுப்பூரில் டாக்டரின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர், மருந்துக்கடை வைத்திருந்த அப்பா. இன்னொருவர், பத்து வயதில் நான். அக்கம்பக்கத்தார் மருந்து வாங்கி முடித்த பழைய சீட்டுகளைப் பார்த்தே பழகியிருந்தேன். படிப்பதென்ன, அச்சாக அப்படியே எழுதவும் வரும். அதற்கு மார்க் போடத்தான் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை.

பர்மாவுக்குப் போன மாமா போனவர்தான். அப்பாவின் தங்கச்சியான அத்தை எங்களோடு இருந்தார். தூக்கமே வரவில்லை என்று டாக்டர் அவருக்குக் கொஞ்சம் மாத்திரை எழுதியிருந்தார். அது தீர்ந்ததும் அத்தை பழைய சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடு ஆத்தா. எண்ணிக்கையை மட்டும் நல்லாக் கூட்டிப் போடு. டாக்டர் குடுத்தாருன்னு அப்பாகிட்டச் சொல்லு."

என் திறமையை மதித்துக் கேட்ட முதல் ஆள். விடுவேனா? டாக்டர் கையில் அகப்பட்ட காகிதத்தில் எழுதுகிறவர் என்பதால் என் நோட்டுத் தாளே போதும். உச்சியில் இருந்த பிள்ளையார் சுழியைக்கூட விடாமல் எழுதினேன்.

அப்பா சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத்தனையா? டாக்டரே குடுத்தாரா?"

"ஆமாப்பா."

மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே சீட்டுக்கு யாரும் இரண்டு தடவை வாங்கிவிடக் கூடாதென்று, மருந்தைக் கொடுக்குமுன் சீட்டின் தலையில் அப்பாதான் ஒரு பிள்ளையார் சுழி போடுவாராம். பேனாவைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். அவர் போட வேண்டிய சுழி அங்கே ஏற்கெனவே இருந்தது.

"ஏத்தா, ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயிலுக்குப் போற டாக்டரு பிள்ளையார் சுழியா போடுவாரு?"

எதை எழுதினாலும் எல்லாரும் அதில்தானே ஆரம்பிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நடந்ததைச் சொல்லிவிட்டு அடிக்குத் தயாராக நின்றேன். அப்பா அடிக்கவில்லை. மாத்திரைகளைப் புட்டியில் திரும்பக் கொட்டும்போது இரண்டு கீழே விழுந்தன. குனிந்து தேடி எடுத்தார். பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டுச் செருப்புக்கூடப் போடாமல் வீட்டுக்கு நடந்தார். அன்று முழுவதும் தங்கச்சி பக்கத்தைவிட்டு நகரவில்லை.

"நீ இல்லாம எனக்குக் கடை ஓடாதுத்தா" என்று மறுநாளே அத்தையைக் கடைக்கு அழைத்துப்போனார். சீட்டை வாங்கிப் பார்ப்பதும் சுழி போடுவதும் அதுமுதல் அத்தையின் வேலை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கஷ்டப்பட்டு எழுதியது நான், உத்தியோகம் அத்தைக்கா? ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அத்தையோ தினமும் கடையிலிருந்து வந்ததும் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தடவுவார். எதற்கென்று விளங்காமல் நான் திமிறிக்கொண்டு ஓடிவிடுவேன்.