நாற்பத்தெட்டு எண்பது

இலஞ்சி வல்லிநாயகம் கெட்டிக்காரன்தான், அதை யாரும் மறுக்கவில்லை. எட்டு வருஷம் பெங்களூரில் சின்னச் சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஊரோடு வந்து சொந்தமாகத் தொழில் தொடங்கியவன். ஆனால் தப்பு என்று ஒன்று நடந்தால் அது அடுத்தவன் தப்பாகத்தான் இருக்கும் என்கிற கொழுப்பும் கூடவே வந்துவிட்டது. அதுதான் அவனைக் கவிழ்த்தது.

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் முகம்மது சலீம் அண்ணாச்சிக்குக் கமிஷன் கடை. அங்கே எடை போடுகிறவர் செல்லச்சாமி. மூட்டை தராசில் ஏறியதும் எடையை உரக்கக் கூவிச் சொல்வது அந்தக் கடை வழக்கம். இருபது வருஷமாக அவர் கூவினால் அதுதான் எடை. வல்லிநாயகம் அந்தத் தராசிலிருந்து யுஎஸ்பி ஒயர் இழுத்துத் தன் பெட்டியில் செருகி, பட்டனை அமுக்கினால் எடை சீட்டில் அச்சாகும்படி செய்து கொடுத்தான்.

பத்தே நாளில் வினை வந்தது. சில நேரம் நாற்பத்தெட்டு கிலோ மூட்டைக்கு நாலு கிலோ என்று சீட்டு வரும். சிரித்துவிட்டு மறுபடி நிறுப்பார்கள். செல்லச்சாமி 'நாற்பத்தெட்டு எண்பது' என்று கூவிய மூட்டைக்கு, 48.80 கிலோவுக்குப் பதில் 48.0 என்று சீட்டு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எண்ணூறு கிராம் பழம் எங்கே போச்சு? வாயால் ஒன்று சொல்லிச் சீட்டில் வேறொன்று அடிக்கிற கள்ளன் என்று பழம் கொண்டுவந்த தோட்டக்காரர் வேல்சாமி நாலு பேர் முன்னால் அவரை ஏசினார்.

பெட்டியில் கோளாறோ என்று சலீம் அண்ணாச்சி போனில் கேட்டார். வல்லிநாயகம் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மிஷின் பொய் சொல்லாது அண்ணாச்சி. தராசு நிக்கதுக்கு முன்னாடியே அவரு பட்டனை அமுக்குதாரு" என்று சொல்லிவிட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மறுநாளிலிருந்து செல்லச்சாமி லாரியில் மூட்டை ஏற்றினார். தராசுக்கு வேறு ஆள் வந்தும் எடை குறைவது நிற்கவில்லை.

வேறு வழியில்லாமல் வல்லிநாயகம் வந்து உட்கார்ந்தான். ஒயரை மாற்றினான். தராசும் பெட்டியும் ஒரே வேகத்தில் பேசுகின்றனவா என்று பார்த்தான். எல்லாம் சரி, ஆனாலும் நடுநடுவே இலக்கங்கள் காணாமல் போயின. கடைசியாக, அந்த யுஎஸ்பி இணைப்பை எந்தெந்தப் புரோகிராம் திறந்து வைத்திருக்கிறது என்று தேடினான். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று சீட்டு அடிப்பது. இன்னொன்று, பெட்டியை மாட்டிய அன்று எடைகள் தன் போனுக்கும் வரட்டும் என்று அவனே சோதனைக்குப் போட்டு, எடுக்க மறந்தது. தராசு ஒரு இலக்கத்தை ஒரு தடவைதான் அனுப்பும். எந்தப் புரோகிராம் முந்துகிறதோ அது எடுத்துக்கொள்ளும், மற்றதற்குக் கிடைக்காது. தினமும் காலையில் காப்பி குடித்தபடி மனைவி செண்பகவல்லியிடம் போனைக் காட்டிப் பெருமையடித்தானே, அதில்தான் செல்லச்சாமியின் எண்ணூறு கிராம் கிடந்தது. அரைகுறை எண்களாக ஓடியதை அவன் கவனித்ததே இல்லை.

சத்தமில்லாமல் அதை அழித்தான். என்ன கோளாறு என்று சலீம் அண்ணாச்சி கேட்டபோது, "ஒயர்தான் அண்ணாச்சி" என்று வாய் முந்திக்கொண்டது.

அங்கே நின்ற செல்லச்சாமி கை கூப்பினார். "மூட்டை இழுக்கும்போது நாந்தான் ஒயரை மிதிச்சிருப்பேன் தம்பி. மன்னிச்சிக்கிடுங்க."

அட பாவி மனுஷா, செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பா! வல்லிநாயகத்தால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டான். அதற்குள் சலீம் அண்ணாச்சி, செல்லச்சாமி ஒயரை மிதித்ததால் வந்த வினை என்று தோட்டக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

மறுநாள் ஏலம் கூடும் நேரத்துக்கே வல்லிநாயகம் போனான். தராசுப் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "ஒயர் இல்ல. செல்லச்சாமி அண்ணனும் இல்ல. நான் போட்ட புரோகிராம்தான் எடையத் தின்னுச்சு. தப்பு என்னுது."

வேல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "நேத்து ஒயருன்னீரு, இன்னைக்கு உம்ம புரோகிராம்ங்கீரு. செல்லச்சாமி உமக்கு எவ்வளவுவே குடுத்தான்?"

கூட்டம் சிரித்தது. லாரியடியில் முதுகில் மூட்டையோடு நின்ற செல்லச்சாமி, "போதும் தம்பி, நீங்க ஊருக்குப் போங்க" என்றார்.