தண்ணீர் குடிக்காத மண்

மழையே மறந்துபோன ஓர் ஊரில் எனக்கு வெள்ளத் தடுப்பு வேலை. தொண்ணூறுகளின் நடுவில், டெக்ஸாஸின் மேற்குக் கோடியில், ஒரு மொட்டை மலையின் அடிவாரத்தில் இருந்த பாலைவன நகரம் அது. ஈரோட்டுக்கு போன் போட்டுச் சொன்னபோது அப்பா சிரித்துவிட்டார். "பாலைவனத்துல வெள்ளமா? உனக்குச் சம்பளம் குடுக்கறவன் ஆருடா?" என்றார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை. அங்கே மழை அபூர்வம்தான். ஆனால் பெய்தால் ஒரு மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்துவிடும். மரம் மட்டை இல்லாத மலை எதையும் பிடித்து வைக்காது. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓடைகளை அந்த ஊரில் அரோயோ என்பார்கள். பிள்ளைகள் சைக்கிள் விடும் அந்தப் பள்ளங்களில் திடீரென்று சேறும் பாறையும் உருண்டு வரும். நகரமோ வருடாவருடம் மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. புது வீட்டுமனைகளுக்கு மேலே எவ்வளவு பெரிய குளம் வெட்டினால் அந்தத் தண்ணீரை நிறுத்தி மெதுவாக வெளியே விடலாம் என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் அண்ணா. கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்த சென்னைக்காரர், அந்தக் கம்பெனியில் சீனியர் இன்ஜினியர். ஏர்போர்ட்டுக்கு வந்து என்னை அழைத்துப்போனார், முதல் இரண்டு மாதம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார், என் கிரீன் கார்டுக்காக முதலாளிகளிடம் பேசினார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவன்.

எங்கள் கணக்கில் மண்ணை நான்கு வகையாகப் பிரிப்போம். ஏ என்றால் ஆற்று மணல், எவ்வளவு ஊற்றினாலும் குடித்துவிடும். பி, சி என்று போகப் போகத் தாகம் குறையும். டி என்றால் கிட்டத்தட்ட சிமெண்ட் தரை. அப்படி ஒரு புது மனைப்பிரிவுக்கு மேலே நானே போய்க் குழி தோண்டினேன். ஒரு முழத்துக்குக் கீழே கடப்பாரை எகிறியது. சுண்ணாம்பு போல இறுகிப்போன வெள்ளை மண். ஒரு கேன் தண்ணீரைக் குழியில் ஊற்றிவிட்டு, காரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். தண்ணீர் அப்படியே நின்றது. டி என்று எழுதினேன். கணக்கில் குளம் பெரியதாக வந்தது.

அந்தச் சமயத்தில் தங்கை கல்யாணத்துக்காக நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கணக்குத் தாள்களை இன்னும் டைப் அடிக்கவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. கணக்குப் போட்டவர் ஒன்றில் இனிஷியல் போட வேண்டும், சரிபார்த்தவர் மற்றதில்.

"தம்பி, நீ லீவுல இருக்கறப்பதான் சப்மிட் பண்ணணும். எம்ப்ட்டி ஷீட்ல இனிஷியல் போட்டுட்டுப் போ. டைப் பண்ணி நான் செக் பண்ணி அனுப்பிடறேன்" என்றார் அண்ணா.

ஒரு கட்டு வெற்றுத்தாள்களில் மளமளவென்று போட்டுக் கொடுத்தேன். மண்ணை டி என்று குறித்திருந்த என் ஃபீல்டு நோட்டையும் கூடவே கொடுத்தேன். பக்கத்து சீட் அமெரிக்கப் பெண்ணிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அவள் வக்கீலைக் கூப்பிட்டிருப்பாள். நாம் அப்படியா? இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பென்சிலில் டிக் போட்ட இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டே வளர்ந்தவர்கள். தெரிந்தவரிடம் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேட்டால் அது அவமரியாதை. திரும்பி வந்த பிறகாவது அந்த ரிப்போர்ட்டை ஒருமுறை பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

அந்தப் பாலைவன ஊரில் தமிழ்க் குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அதில் ஒருவர் டாக்டர் அங்கிள். பண்டிகை என்றால் எங்களுக்கெல்லாம் அவர் வீட்டில்தான் சாப்பாடு. குளத்துக்கு நேர் கீழே இருந்த மனையைக் காட்டி, "நீதானே இதுக்குக் கணக்குப் போட்டே? நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா வாங்குங்க அங்கிள். என் பொறுப்பு" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர்கள் குடிபோன மறு வருடக் கோடையில், ஒரு மத்தியானம் மலைமேல் மழை கொட்டியது. குளம் நிரம்பி வழிந்தது. அங்கிள் வீட்டு ஹாலில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

நகர அலுவலகத்தில் விசாரணைக் கூட்டம் நடந்தது. அங்கிருந்த இன்ஜினியர் அம்மாள் என் தாளை மேஜைமேல் விரித்து, "இது உங்கள் இனிஷியலா?" என்று கேட்டார். என்னுடையதுதான். மண் வகை என்ற இடத்தில் பி என்று டைப் அடித்திருந்தது. டி, பி ஆனதில் குளம் பாதியாகச் சுருங்கி, மிச்ச இடத்தில் நான்கு வீட்டுமனைகள் முளைத்திருந்தன. மனை போட்ட பில்டர் எங்கள் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். அதற்குப் பிறகுதான் அண்ணா கம்பெனியில் பார்ட்னர் ஆகியிருந்தார். எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் முடிச்சுப் போட்டேன். அண்ணா பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்காமல், "மண்ணை நேரில் பார்த்தது இவர். நான் அதை நம்பிக் கையெழுத்திட்டேன்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

பார்க்கிங் லாட்டில் அவரைப் பிடித்தேன். "அண்ணா, நான் 'டி'ன்னுதான் எழுதினேன். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்டா. ப்ரூவ் பண்ண முடியுமா? கத்தாத. உன்னை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க, நான் பேசிட்டேன். கிரீன் கார்டு வர்ற நேரம்" என்றபடி என் தோளில் தட்டினார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கிரீன் கார்டு போனால் போகட்டும், அங்கிள் வீட்டில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை காலை போனேன். அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஆன்ட்டி கராஜ் வாசலில் பாத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஹோஸ் பிடித்துச் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாப்பா" என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "நேத்து உங்க அண்ணா வந்திருந்தார். உனக்காக எப்படிக் கெஞ்சினார் தெரியுமா? 'சின்னப் பையன், ஊருக்குப் போற அவசரத்துல மண்ணை சரியாப் பாக்காம எழுதிட்டான், அவன்மேல கேஸ் கீஸ் போட்டுடாதீங்க'ன்னு. அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. போனது போகட்டும்ப்பா. நாங்க யார்மேலயும் கேஸ் போடலை."

"ஆன்ட்டி, நான் சரியாத்தான் எழுதினேன். நான் ஊர்ல இல்லாதப்ப மாத்தினது அவர்தான்."

ஆன்ட்டி ஹோஸை மூடினார். அவ்வளவு நாளில் என்னை அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"உனக்காக அழுதுட்டுப் போனவர் மேலயே பழியைப் போடறியா? வீடு போனதுக்கு உன்னை மன்னிச்சுட்டோம். இதை எப்படிப்பா மன்னிக்கறது?"