காய்ச்சலில் தொடங்கும் கடிதங்கள்

இங்கிலீஷ் எழுதச் சொல்லித்தருவது ஒரு விசித்திரமான தொழில்: வருகிற எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு கடிதம் மனப்பாடமாகத் தெரியும், அதை மறக்கவைக்கத்தான் ஃபீஸ்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், ஞாயிறுதோறும் இந்தக் கூத்தை நடத்துகிறேன். இங்கிலீஷ் பேசச் சொல்லித்தர ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பேசினது காற்றோடு போய்விடும், எழுதினால்தான் மாட்டிக்கொள்வோம். அதனால் என் பக்கம் போட்டிக்கு யாரும் வரவில்லை. வருகிற ஆறேழு பேரும் என்னைவிட வயதில் மூத்தவர்கள். ஞாயிறன்று அமாவாசை வந்தால் பாதிப் பேர் மேல்மலையனூர் கோயில் ஸ்பெஷல் பஸ்ஸில் இருப்பார்கள், மீதிப் பேருக்கு ஹாரன் சத்தத்தில் நான் சொல்வது கேட்காது. யாருக்கும் பெரிய நஷ்டமில்லை.

ஒருத்தரைத் தவிர. சிங்கவரத்திலிருந்து வரும் கலைவாணி அக்கா, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் பதினாலு வருஷமாக நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. இங்கிலீஷ் பரீட்சை பாஸானால்தான் விசா. பேச, கேட்க, படிக்க எல்லாவற்றிலும் பாஸ். எழுத்தில் மட்டும் இரண்டு தடவை ஃபெயில். மூன்றாவது தடவையும் போனால் அந்த வேலை வேறொருத்திக்கு. அந்த வேலையை என்னை நம்பி விட்டிருந்தார், பாவம்.

ராசியான லெட்டர்

இதைப் படிக்கிற உங்களுக்கும் அந்த லெட்டர் தெரியும், மறைக்காதீர்கள். 'ரெஸ்பெக்டட் சார், அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' பள்ளிக்கூடத்தில் நம் எல்லோருக்கும் ஒன்றாக வந்த காய்ச்சல். இன்னும் இறங்கவில்லை.

உரக்கடை குமரவேல் அண்ணனுக்கு, எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதை மூட்டைகள் நனைந்து வந்திருந்தன. கம்பெனிக்கு இங்கிலீஷில் மெயில் போட வேண்டும். எழுதிக்கொண்டுவந்து காட்டினார். தாம் ஈர மூட்டைகளால் அவதிப்படுவதாகவும், ஆகவே கருணை கூர்ந்து இரண்டு நாள் விடுப்பு வழங்கும்படியும் கேட்டு, கீழே 'கீழ்ப்படிந்த மாணவன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார். வயது நாற்பத்தெட்டு. எத்தனை மூட்டை, என்றைக்கு வந்தது, என்ன செய்யச் சொல்கிறார், ஒரு எழவும் இல்லை. மாற்றி எழுதச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப்போனது.

"இன்னா மிஸ் நீங்க, நான் பத்தாவது பாஸ் பண்ணதே அந்த லெட்டராலதான். ராசியான லெட்டர் மிஸ் அது!"

மலையேறிய பதில்

கோட்டைப் பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் தனசேகர் அண்ணன் கஷ்டப்படுகிற ஜாதகமே இல்லை. ஒரு ஜோடி, 'வெந்நீர் வரவில்லை, குரங்கு துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது' என்று நெட்டில் இங்கிலீஷில் திட்டியிருந்தார்கள். அண்ணன் போனில் இருக்கிற ஏஐயிடம் பதில் கேட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படியே போட்டுவிட்டார். 'பாத்தீங்களா, செம இங்கிலீஷு' என்று வகுப்பில் எல்லோருக்கும் காட்டினார். செம இங்கிலீஷ்தான். அடுத்த முறை வந்தால் உரிமையாளரே உடன்வந்து ராஜகிரி மலை உச்சிவரை இலவசமாகச் சுற்றிக்காட்டுவார் என்று அதில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்த ஆளுக்குக் காட்டப் போய்விட்டார்.

ஒரே மாதத்தில் அந்த ஜோடி பையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அண்ணனுக்கு நூற்றுப்பத்து கிலோ, இரண்டு முட்டியிலும் வலி. கோட்டை திறந்ததும் ஏற ஆரம்பித்தவர், வெயில் மண்டையைப் பிளக்கும்போது இறங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மிஸ், இனிமே எனக்கு எவ்ளோ ஏற முடியுமோ அவ்ளோ இங்கிலீஷு மட்டும் குடுங்க, போதும்."

நூறு அழகிய தொடக்கங்கள்

இவர்களைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டது, இப்போது என் முறை. கலைவாணி அக்கா முதல் தடவை ஃபெயிலானது அந்தக் காய்ச்சல் லெட்டரால். இரண்டாவது தடவை முழுக்க என் கைங்கரியம்.

பரீட்சையில் ஒரு நோயாளியின் விவரங்களைக் கொடுப்பார்கள். அடுத்து அவரைப் பார்க்கப்போகிற டாக்டருக்குக் கடிதம் எழுத வேண்டும். என்னிடம் சேர்ந்த அன்று, 'மனசுல வர்ற மாதிரி எழுதுங்கக்கா' என்றேன். காலையிலிருந்து மூச்சுத் திணறல், முதலில் இவரைப் பாருங்கள் என்று எடுத்த எடுப்பில் எழுதினார். நான் எம்.ஏ. இலக்கியம், சும்மா விடுவேனா? 'மொட்டையா இருக்குதுக்கா' என்று சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, நானே தொகுத்த 'நூறு அழகிய தொடக்கங்கள்' புத்தகத்தைக் கையில் திணித்தேன். டாக்டர் பூரண நலத்துடன் இருப்பார் என்று நம்புவது, அவருடைய பொன்னான நேரத்தில் குறுக்கிட நேர்ந்ததற்கு வருந்துவது, இப்படி எழுத வாய்ப்புக் கிடைத்ததைப் பெருமையாகக் கருதுவது. அக்கா அத்தனையையும் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தார். ஃபெயில் என்று வந்ததும் நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? அலங்காரம் பத்தவில்லை. இன்னும் ஐம்பது தொடக்கங்கள் சேர்த்துக் கீழே ஜெராக்ஸுக்குக் கொடுத்தேன். கடைக்கார பாய் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகைகூட இவ்ளோ சுத்தாது மிஸ். இதுல விஷயம் எத்தினியாவது பக்கத்துல வருது?"

ஏழாம் நம்பர் பெட்

பாய்க்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வகுப்பு நடுவில் அக்காவுக்கு வார்டிலிருந்து போன். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் ஏதோ கேட்டிருக்கிறாள். "ஏழாம் பெட்டு பெரியவருக்கு விடியகாலையிலேர்ந்து மூச்சு வாங்குது. ஆக்சிஜன் வெச்சிருக்குது. பென்சிலின் ஒத்துக்காது. டாக்டர் வந்தா மொதல்ல அவரப் பாக்கச் சொல்லு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். பிறகு தன் நோட்டைப் பார்த்தார். அரைப்பக்கம் தாண்டியும் அவர் இன்னும் டாக்டரை நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். "மிஸ், கோச்சுக்காதீங்க. இந்த வணக்கமெல்லாம் முடியறதுக்குள்ள எங்க பேஷண்ட் போய்ச் சேந்துடுவாரு" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எம்.ஏ. படிச்சது நீங்களா, நானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அக்கா நோட்டை மூடி என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். எல்லோரும் போன பிறகு அதைத் திறந்தேன். நான் சிவப்பில் அடித்திருந்த ஒவ்வொரு வரியும் அந்த டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய வரி. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வேலை போனால் அதற்கு நான்தான் காரணம்.

மறு ஞாயிறு அக்கா வருவாரா என்று படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார். மன்னிப்புக் கேட்டேன், எந்தத் தொடக்கமும் இல்லாமல். "அக்கா, போன்ல சொன்னீங்களே, அதே வரிசையில இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் அக்கா முதலில் போனில் சொல்வது போலத் தமிழில் சொல்வார், மறுமுனையில் நர்ஸாக குமரவேல் அண்ணன் 'சரி சிஸ்டர், வேற?' என்பார், அப்புறம்தான் பேனா. ஐந்தாவது வாரம், கேட்டுக்கொண்டேயிருந்த அந்த நர்ஸுக்கே பொறி தட்டிவிட்டது.

"இதத்தான் மிஸ் என் மல்லாட்டை மூட்டைக்கும் சொல்லியிருக்கணும், எதுக்கு மூணு மாசம் இழுத்தீங்க?"

ரிசல்ட்

அக்கா சென்னைக்குப் போய் மூன்றாவது தடவை எழுதிவிட்டு வந்தார். ரிசல்ட் வருகிற நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் டூட்டி உடையோடு மாடியேறி வந்து போனை நீட்டினார். எழுத்திலும் பாஸ். எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவர் சாதாரணமாகத்தான் நின்றார். சாகக் கிடக்கிறவர்களைத் தினம் பார்க்கிறவர். 'என் புத்தகத்த ஞாபகத்துக்குக் கொண்டுபோங்கக்கா' என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"அத அப்பவே கீழ ஜெராக்ஸ் பாய்கிட்ட குடுத்துட்டேன் மிஸ், பின்பக்கம் காலியா இருக்குது, ரஃப் பேப்பருக்கு ஆவும்."

ஆகவே தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், என் வகுப்பில் யாருடைய எழுத்து அதிகம் தேறியது என்று கேட்டால், ஒரு பைசா ஃபீஸ் கட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னுடையதுதான்.