இருமாதவர்களுக்காகப் பயந்தவள்

வார்டில் காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது ஜெயசீலியின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா போய்ட்டாங்க சிஸ்டர்." "சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். மூன்றாவது கட்டிலில்தான் மருந்துத் தட்டைக் கீழே வைத்தேன். அவளோடு வேலை பார்த்த உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு ரயிலில் வந்து, உள்ளூர்க்காரிகளான எங்களுக்கு முன்னால் யூனிஃபார்மில் நிற்பாள். பக்கவாத நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'டிஸ்ஃபேஜியா', அதாவது விழுங்கச் சிரமம் என்றிருந்தால் அந்தக் கட்டிலைவிட்டு நகரமாட்டாள்.

ஒருமுறை மர்பி டவுன் பெரியவர் ஒருவருக்கு அவர் மனைவி காபி ஊட்டினார். இருமல் வரவில்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ஜெயசீலி ஓடிவந்து தம்ளரைப் பிடுங்கினாள். பெரியவரிடம் பேரைச் சொல்லச் சொன்னாள். குரல் கொழகொழவென்று ஈரமாக வந்தது. "இருமுறவன் தப்பிச்சுக்குவான் வசந்தி. இருமாதவனுக்குச் சத்தமே இல்லாம நுரையீரலுக்குள்ள எறங்கிடும். கண்ணு இன்னா பொடனியிலயா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்துவிட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பெரியவர் காய்ச்சலில் கிடந்து பிழைத்தார்.

"ஒரு வாய் தண்ணி குடுக்காத பாவி" என்று அவளைச் சபிக்காத குடும்பம் இல்லை. "திட்டட்டும். ஆளு உசுரோட வூட்டுக்குப் போனா சரி" என்பாள்.

போன மாதம் அவளுக்கே பக்கவாதம் வந்தது. ஜீவனஹள்ளியில் தம்பி வீட்டில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். நான் கடைசியாகப் போன அன்று, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆசைப்பட்டதை வாயில் கொஞ்சம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பிக்குப் பயம், என் முகத்தையே பார்த்தார். அவள் குழறிக் கேட்டாள்: "ஒரு மடக்கு டீ குட்றி."

நான் கொடுக்கவில்லை. "நீயே கேக்கலாமா? நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்தேன். விதியை மீறாத நர்ஸ் என்று உள்ளுக்குள் பெருமை வேறு, பாவி எனக்கு. அவள் பஞ்சைப் பல்லால் பிடித்து உறிஞ்சினாள். நான் இழுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில்தான் அந்த போன் வந்தது.

அடக்கம் முடிந்ததும், அக்கா ஞாபகமாக வாட்சை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். அந்தப் பஞ்சை அவள் விடாமல் பிடித்து இழுத்த இழுப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது.